விறகு என்ற சாக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

கேஸ் அடுப்பு வந்துவிட்டது. வண்டி எங்கள் தெருவுக்குள் வராது, முனையிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். இவர் அரை நாள் வேலைக்குப் போகாமல் இருந்து சமையலறை மூலையில் மேடை கட்டினார். தெருவிலேயே மட்டம் பார்த்துக் கட்டிய மேடை இதுதான் என்று அவரே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். கொத்தனார் வீடு, சொல்லத்தான் செய்வார். அத்தை முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பற்றவைத்தார். நீலமாக, சத்தமே இல்லாமல் எரிந்தது. மகள் கைதட்டினாள்.

அத்தை என்னைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னார்: "இனிமே நீ காட்டுக்கு அலைய வேண்டியதில்ல. அந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். இத்தனை வருஷம் புகையில் கண்ணைக் கசக்கியவள் நான். ஆனால் அதைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

இந்த டைரி சிமெண்ட் கடையில் இவருக்குக் கொடுத்தது. யாரும் தொடாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பால் மறுபடியும் பொங்கி வழிந்துவிட்டது. இந்த அடுப்புக்குப் பொறுமையே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்று போய்விட்டு வந்தோம்! பொய் சொல்லித்தான்.

பொய் ரேடியோவுடையது. பக்கத்து வீட்டுக்காரி. வாய் மூடாது என்பதால் ஊரே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும், அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அவள் வீட்டிலும் அன்றைக்கேதான் கேஸ் வந்தது. காலையில் எங்கள் பின்வாசலில் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, ஆனால் அத்தைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "குளிக்கிற தண்ணிக்கெல்லாம் கேஸ எரிச்சா மாசம் முழுக்கத் தாங்காதாம். வெந்நீருக்கு வெறகுதான் கட்டுப்படி ஆகும்."

அத்தை யோசித்தார். யோசித்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து கயிற்றையும் அரிவாளையும் தேடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விறகு பொறுக்கிக் கட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் நாங்கள் எப்போதும் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்புவோம். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. தலையில் சுமையோடு வருகிற பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்படி அங்கே என்ன செய்கிறோம்? ஒன்றும் கிடையாது. ஓடையில் காலைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அவள் பேசுவாள். பஞ்சாயத்துத் தலைவர் எப்படி மீசையைத் தடவிக்கொண்டு பேசுவார், என் அத்தை எப்படி இருமிக்கொண்டே கூப்பிடுவார் என்று நடித்துக் காட்டுவாள். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். என் சிரிப்புக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று இவருக்கே தெரியாது. சில நாள் ரேடியோவும் பேசாது. மரத்தில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவாள். நான் மேலே இலைகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்த நேரத்தில் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் பிறந்த ஊரில் மரம் என்றால் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் காட்டைப் பார்த்தாலே பயம். இலை அசைந்தால் பாம்பு, கிளை முறிந்தால் கரடி என்று நினைப்பேன். ரேடியோதான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பேசிக்கிட்டே போடி. நம்ம சத்தம் கேட்டா அதுங்க ஓடிரும். நம்மள விட அதுங்களுக்குத்தான் பயம்."

அவள் சொன்னதை நம்பித்தான் நான் காட்டை நம்பினேன்.

மார்ச் 3, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

ரேடியோவின் புருஷனை, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரை, காட்டுப்பன்றி கிழித்துவிட்டது.

விடியும்போது மக்காச்சோளக் கொல்லைக்குப் போயிருக்கிறார். அவர்கள் கொல்லைதான் ஊரில் கடைசி, அதற்கப்புறம் காடு. உள்ளே குட்டிகளோடு ஒன்று படுத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. தொடையில் பிடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினவர்கள் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வண்டியில் ஏற்றும்போது ரேடியோ அவர் காலைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம். அழவில்லை. என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், எதுவும் வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவரோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் பிழைத்துவிடும் என்கிறார்கள், ஆனால் பழையபடி மடங்காதாம். அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். ரேடியோ வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் வாங்கி வரட்டுமா, துணி துவைத்துத் தரட்டுமா என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவே புடிக்கல."

மார்ச் 16, ஞாயிறு

தனியாகப் போனேன். போகக்கூடாதுதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததும் காது இரண்டு மடங்கு பெரிதானது மாதிரி ஆகிவிட்டது. ஒரு பறவை சருகைக் கிளறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நானே சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்து பார்த்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. என்னத்தைப் பேசுவது? மகளின் பரீட்சையைப் பற்றி மரங்களிடம் கொஞ்ச நேரம் சொன்னேன்.

ஒரு கை விறகோடு திரும்பினேன். வாசலில் அத்தை. "இவ்வளவு நடந்ததுக்கப்புறமும் போயிருக்கியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" நியாயம்தான். விறகைக் கீழே போட்டேன். இனி வெந்நீரும் கேஸில்தான் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். கையில் பெரிய போன் மாதிரி ஒன்று. காட்டால் உங்களுக்கு என்ன நன்மை என்பதுதான் கேள்வி. தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நல்ல பெண், எல்லாருக்கும் பொறுமையாகக் காது கொடுத்தாள்.

இவர் சொன்னார், காட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பன்றியும் குரங்கும்தான், மழை வருகிறது என்கிறார்கள், மரமே இல்லாத ஊரிலும்தான் மழை பெய்கிறது. டீக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காட்டைப் பார்க்க வெளியாட்கள் வருவதால்தான் அவர் கடையில் பாய்லர் அணையாமல் இருக்கிறதாம். அத்தை சொன்னது எனக்கே புதிது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு பஞ்சம் வந்ததாம், ஊரே காட்டில் கிழங்கு தோண்டித் தின்று உயிர் பிழைத்ததாம். "அப்ப அது தாய் மாதிரி. இப்ப என்ன, ரேஷன்ல எல்லாம் கெடைக்குது" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆளாளுக்கு வேறு வேறு காடு. ஒரே மலையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "விறகு" என்றேன்.

"இப்பதான் கேஸ் வந்துடுச்சே?"

"ஆமா."

அவ்வளவுதான். எதையோ அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றும் இல்லை என்று பதிவாகியிருக்கும்.

உள்ளே வந்து வெங்காயம் நறுக்கும்போது பதில் பதிலாக வந்தது. அங்கே நான் யாருக்கும் மருமகள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே எனக்கு ஒரு சிரிப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால்? இவர் முகம் எப்படிப் போயிருக்கும்? வெங்காயம் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரேடியோ திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் ஊன்றுகோலோடு இறங்கினார். சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். எத்தனை நாள் கழித்து அவள் வீட்டு வாசற்படி! உள்ளே நுழையும்போதே பேச்சுச் சத்தம். ஆஹா, பழைய ரேடியோ என்று நினைத்தேன்.

பழைய குரல்தான், பேச்சு வேறு. காட்டு ஓரம் முழுக்கக் கம்பிவேலி போட வேண்டுமாம். வனத்துறையிடம் அதற்கு ஒரு திட்டம் இருக்கிறதாம், ஊர் ஒப்புக்கொண்டால் அவர்களே போட்டுத் தருவார்களாம், அதற்கப்புறம் ஆளும் உள்ளே போகக்கூடாது, மிருகமும் வெளியே வராது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். "வீடு வீடாப் போகப் போறேன். எவன் மாட்டேங்கிறான்னு பாக்கறேன்" என்றாள்.

நான் அண்ணனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன்டி வாய மூடிட்டு இருக்க?"

"ஒன்னுமில்ல. சாப்பிடு" என்றேன்.

மே 8, வியாழன்

குழாயடியில் சண்டை.

அவள் என்னையும் கூட்டிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போக வேண்டும் என்றாள், அங்கே நாலு வீட்டுக்காரர்கள் இன்னும் இழுக்கிறார்களாம். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவளுக்குத் தெரியாத என் பொய் எது? குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலி வேண்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல் என்று நின்றாள். நான் என்னென்னவோ மென்று விழுங்கினேன். பிறகு அது வாயிலிருந்து விழுந்துவிட்டது—

"ஒரு பன்னி பண்ணதுக்குக் காட்டையே மூடணுமா?"

அவள் முகம்! அடித்திருந்தால் கூட அப்படி ஆகியிருக்காது.

ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள். ரேடியோவுக்கு அவ்வளவு தணிந்த குரல் உண்டென்று யாருக்குத் தெரியும். "உனக்குக் காடுன்னா ஒக்காந்து பேசற எடம். எனக்கு எம்புருஷன் கால். அவரு ராத்திரில தூக்கத்துல கத்தறாரு, தெரியுமா உனக்கு? அங்க அப்படி என்னத்தடி வச்சிருக்க நீ?"

உன்னைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். உன்னைத்தான் வைத்திருக்கிறேன், இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அங்கே இல்லை என்று. சொல்லவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவள் போய்விட்டாள்.

மே 9, வெள்ளி

பேசவில்லை.

மே 17, சனி

பேசவில்லை. துணி காயப்போடும்போது பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாள். நானும்தான்.

ஜூன் 1, ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். வார்த்தை புரியவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கிறது. இது தலைவரை நடிக்கிற இடம், இப்போது மீசை, இப்போது சிரிப்பு வரும்—வந்தது. வேறு யாரோ சிரிக்கிறார்கள். அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு முறத்தோடு அப்படியே நின்றிருக்கிறேன்.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தார் போல. "ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, காலை நீட்டி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, அவராகவே பேச ஆரம்பித்தார். அவரும் அந்தக் காலத்தில் ஒருத்தியோடு சேர்ந்து போவாராம். அவள் பெயரைச் சொன்னபோது முகம் வேறு மாதிரி ஆனது. செத்துப் போய் ரொம்ப நாளாயிற்றாம்.

"சுமை கனக்கத்தான் செய்யும். ஆனா அங்க போனாத்தான் நான் நல்லா மூச்சு விடுவேன். இங்க எந்நேரமும் மாமியார் இருப்பாங்கல்ல" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் முறத்தைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அவர் இருமுகிற வரைக்கும் சிரித்தார்.

ஜூன் 22, ஞாயிறு

கனவில் ஓடை வந்தது. ரேடியோவும் நானும் தண்ணீரில் காலை விட்டிருக்கிறோம், அவள் பேசுகிறாள், வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வா என்கிறேன். விழித்துவிட்டேன்.

காலையிலிருந்து இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று. தலைவலி என்றேன். இப்போதெல்லாம் எனக்கு அடிக்கடி தலைவலி.

ஜூலை 6, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

வனத்துறையிலிருந்து வந்தவர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினார். ஆண்கள் பெஞ்சில், நாங்கள் பின்னால் தரையில். ரேடியோ மட்டும் முன்வரிசையில், அண்ணன் பக்கத்தில். வேலி வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர்.

அண்ணனின் காலைப் பார்த்தேன். பெஞ்சுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார், மடக்க முடியாமல். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் கையைத் தூக்கினேன். மனசாரத்தான் தூக்கினேன். ரேடியோ திரும்பி யார் யார் தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பார்த்ததும் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

வேலி முடிவாகிவிட்டது. எல்லாரும் எழுந்திருக்கப் போகிறார்கள். என் கை இன்னும் மேலேயே இருந்தது. தலைவர், "உனக்கு என்னம்மா?" என்றார்.

எழுந்து நின்றேன். "வேலில ஒரு கதவு வேணும்."

"கதவா? எதுக்கு?"

"உள்ள போய்ட்டு வர்றதுக்கு."

"எதுக்குப் போகணும்? அதான் கேஸ் இருக்கே."

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் "சும்மா" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. சும்மாவாம்! டீக்கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இவர் தரையைப் பார்த்தபடி இருந்தார், காது சிவந்திருந்தது. எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

அப்போது முன்னால் இருந்து ஒரு குரல். திரும்பாமலேயே பேசினாள்.

"கதவு இல்லாம எப்படிங்க? மழைல மண்ணு அரிச்சு எங்கயாவது பன்னி பூந்து உள்ள வந்துட்டா, அப்புறம் எந்த வழியாத் தொரத்துவீங்க? அது வேலியத் தாண்டிக் குதிக்குமா? நம்ம கொல்லைலயே குடும்பம் நடத்தும்."

சிரிப்பு நின்றது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் சரிதானே என்றார் ஒருவர். வனத்துறைக்காரர் வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, ஓடைப்பாதையில் ஒரு கதவு வைக்கலாம் என்றார். உள்ளே வெட்டுவது கூடாது, கால்நடை கூடாது, போய்வர மட்டும்தான் என்றார். தலைவர் மீசையைத் தடவினார். முடிந்தது.

அவள் வெளியே போகும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

பேசவில்லை. ஆனால் குழாயடியில் என் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலி வேலை நடக்கிறது. கம்பிச் சுருள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு தினமும் ஆட்கள் போகிறார்கள். கதவுத் தூண் கட்டுகிற வேலை இவருக்கு வந்திருக்கிறது. கூட்டத்துக்குப் பிறகு அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். தூணுக்குக் குழி எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னை இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நிற்கச் சொன்னார். அளவு நாடாவை என் தலைக்கு மேலே பிடித்தார்.

"தலைல சுமை இருந்தா எவ்வளவு உசரம் வரும்?"

"இப்பதான் சுமையே இல்லையே. வெட்டவும் கூடாதுன்னுட்டாங்க."

"கையத் தூக்கு." தூக்கினேன். விரல் நுனி வரைக்கும் அளந்தார். "குனிஞ்சு போற மாதிரி வச்சா நல்லாருக்காது" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்த மனுஷனுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது? கேட்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 

செப்டம்பர் 7, ஞாயிறு

கதவு வழியாகப் போனேன். முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது, கொக்கியில் எண்ணெய் கூடக் காயவில்லை. கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று அத்தை கேட்கவில்லை. நான் இருமிக்கொண்டே கூப்பிட்டால் ஓடை வரைக்கும் கேட்கும், சீக்கிரம் வந்துவிடு என்றார். அவருடைய கேலி அப்படி.

மழைக்கு அப்புறம் எல்லாம் மாறிக் கிடக்கிறது. ஓடை அகன்றுவிட்டது. நாங்கள் எப்போதும் உட்காருகிற கல் பாதி மூழ்கிவிட்டது. இன்னொரு கல்லில் உட்கார்ந்தேன். பயம் இருந்தது, ஆனால் மார்ச் மாதத்துப் பயம் இல்லை. காலடியில் சின்னத் தவளை ஒன்று, நகத்தளவு, என்னைவிட அதற்குத்தான் பயம். அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் யாரும் இல்லை.

எனக்கு வேண்டியது காடா, அவளா? ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். பிரித்தெடுக்கத் தெரியவில்லை. அவள் இல்லாத காடும் நன்றாகத்தான் இருக்கிறது, வெயில் இறங்கித் தண்ணீரில் உடைகிறது, காற்று வருகிறது. ஆனால் ஒரு பக்கம் காலியாகவே இருக்கிறது, இடது பக்கம். அவள் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரேடியோ வீட்டுக் கொல்லையில் மக்காச்சோள அறுவடை. வேலி போட்ட பிறகு முதல் அறுவடை. ஒரு தட்டை கூடச் சாயவில்லை, ஒரு கதிர் கூடப் போகவில்லை. ஊரே பார்த்துவிட்டு வந்து பேசுகிறது. என்னைக் கூப்பிடவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு நானே போய்விட்டேன். அவளுக்கு அடுத்த வரிசையில் இறங்கி ஒடிக்க ஆரம்பித்தேன்.

வெயில் ஏறுகிற வரைக்கும் பேச்சில்லை. தட்டை சலசலக்கிறது, கதிர் சாக்கில் விழுகிறது. அண்ணன் வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போல. "ஏம்மா, ரெண்டு பேரும் கவர்மெண்டு ஆபீஸ்லயா வேலை செய்றீங்க? இவ்வளவு அமைதியா இருக்கு" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் தட்டைகளுக்கு நடுவில் இருந்து குரல் வந்தது.

"உன் வரிசைல பாதிக் கதிரை விட்டுட்டே போற."

"விடல. சின்னதா இருந்துச்சு."

"சின்னதுன்னா கோழி திங்காதா? டவுன்காரின்னா டவுன்காரிதான்."

கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட கதிரையெல்லாம் திரும்பப் போய் ஒடித்தேன்.

மத்தியானம் ஒரே தூக்குவாளியில் இருந்து சாப்பிட்டோம். குழாயடியில் சொன்னதற்கு மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். "சோறு ஆறுது" என்றாள். அதற்கப்புறம் அவள்தான் பேசினாள், சாயங்காலம் வரைக்கும். ஐந்து மாசத்துப் பேச்சு பாக்கி இருந்ததே.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் பின்வாசலில் வந்து நின்றாள். "வர்றியா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை. கயிறு இல்லை, அரிவாள் இல்லை. தெருவில் நடக்கும்போது கையை எங்கே வைப்பதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவள் கட்டிக்கொண்டாள், நான் பின்னால் கோத்துக்கொண்டேன். டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள். ரேடியோ அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டாள், "பன்னி பூந்திருக்கான்னு பாக்கப் போறோம்" என்று.

கதவைத் திறந்து முதலில் அவளைப் போகவிட்டேன். பேசிக்கொண்டேதான் போனாள். ஓடை தெரிகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். அங்கே புதருக்குள் ஏதோ சருகைக் கிளறியது. பறவை, தவிட்டு நிறத்தில், நான் பார்த்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை. பேச்சு அப்படியே அறுந்தது. என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை.

"பறவைடி. பாரு, அங்க பாரு."

"தெரியுது. தெரிஞ்சும் முடியல." திரும்பிக் கதவைப் பார்த்தாள். "என்னால முடியலடி. போயிரலாம்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தேன். கதவுக்கு வெளியே தூணடியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனுக்கு அடிபட்ட நாளில் கூட அழாதவள். அவரைத் தூக்கி வந்தபோது அவர் கண்ணைத்தான் பார்த்தாளாம், காடு முழுக்க அந்தக் கண் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. வேலி போடச் சொன்னப்பவும் ஆசையாத்தான் இருந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானும்தான் எவ்வளவோ சொல்லாமல் வைத்திருக்கிறேன். வேலி வழியாகத் தெரிகிற மரங்களைப் பார்த்துக்கொண்டு வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

நவம்பர் 12, புதன்

போனோம். கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்தோம்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று அவளே என்னைத் தள்ளினாள். "நீ போய்ட்டு வாடி. எனக்காக ஏன் வாசல்லயே கெடக்க?" ஓடை வரைக்கும் போய்விட்டு ஓடிவந்துவிட்டேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். முட்டிக்குக் கீழே என்றேன். அவ்வளவுதானா, வேறு என்ன பார்த்தாய் என்றாள். சொல்லத் தெரியாமல் விழித்தேன். பேசுவது எப்போதும் அவள் வேலைதானே, எனக்குப் பழக்கம் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

நிதானமாகப் பார்த்துக்கொண்டு வரக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்று அவள் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தோட்டத்து அவரையை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அத்தி பழுத்துக் கீழே கொட்டிக் கிடக்கிறது. ஒரு குரங்குக் குட்டி தின்னத் தெரியாமல் முகமெல்லாம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் அம்மா பிடித்துத் துடைத்துவிடுகிறது, அது திமிறுகிறது. தாய்க் குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டினேன். ரேடியோ சிரித்த சிரிப்பில் அவரை மடியிலிருந்து சிதறியது. சிதறினதைப் பொறுக்கிக்கொண்டே, அப்புறம், அப்புறம் என்றாள்.

"அவ்வளவுதான். அதுக்கு மேல போகல. நீ காத்துட்டு இருப்பியேன்னு வந்துட்டேன்."

"மேல ஒரு வளைவு இருக்குல்ல, அங்கேருந்து பாத்தா அடுத்த மலை தெரியும். தெளிவா இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வா."

"ரொம்ப நேரம் ஆகுமே."

"ஆகட்டும். நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

எழுந்து மறுபடியும் உள்ளே போனேன். கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டுப் போனேன். அவள் பின்னாலிருந்து, சாத்துடி, பன்னி வரும் என்று கத்தினாள்.